மாதம் ஆயிரம் வந்தால் காட்டு வேலை கெடுமா?

கேள்வி: ஐயா, கடத்தூர் பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் மானாவாரிக் காடு. மழை பெய்தால் நிலக்கடலை, ஊடே துவரை, ஒரு மூலையில் வீட்டுக்குக் கேழ்வரகு. இரண்டு கறவை மாடும் ஐந்து ஆடும் வைத்திருக்கிறோம். என் கணக்கில் மகளிர் உரிமைத் தொகை மாதம் ஆயிரம் வருகிறது. வீட்டுக்காரர் கணக்கில் நான்கு மாதத்துக்கு ஒருமுறை இரண்டாயிரம். "இந்தக் காசில் யார் வீடு நிமிர்ந்தது? சும்மா கொடுத்துச் சோம்பேறி ஆக்குகிறார்கள்" என்கிறார் என் கொழுந்தனார். எனக்கோ கொஞ்சம் மூச்சு விட முடிகிற மாதிரி இருக்கிறது. என்ன மாறியது என்று கேட்டால் மட்டும் எடுத்துச் சொல்லத் தெரியவில்லை. இந்தப் பணம் உண்மையில் என்னதான் செய்கிறது?
ஒரு வாசகி, கடத்தூர்

பதில்: அம்மா, உங்கள் கொழுந்தனார் கேட்டதிலிருந்தே தொடங்குகிறேன். உரிமைத் தொகை ஆண்டுக்கு 12,000, வீட்டுக்காரருக்கு வரும் பி.எம்.கிசான் 6,000. சேர்த்தால் 18,000, அதாவது மாதத்துக்கு 1,500 ரூபாய். இதை வைத்துக் கிணறு வெட்ட முடியாது, மகளுக்குக் கல்யாணம் செய்ய முடியாது. அந்த அளவில் அவர் சொல்வது சரிதான்.

ஆனால் மானாவாரிக் குடும்பத்தின் கஷ்டம் வருமானக் குறைவோடு நிற்பதில்லை. காசு வருகிற நாளும் காசு தேவைப்படுகிற நாளும் சேர்வதே இல்லை. கடலை பிடுங்கும்போது ஒரு தொகை, துவரை அடித்தால் ஒரு தொகை, நடுவில் பால் காசு. பள்ளிக்கூடம் திறப்பது ஜூனில், அப்போது காட்டில் விதைகூட விழுந்திருக்காது. குழந்தைக்குக் காய்ச்சல் எந்த மாதத்தில் வரும் என்று யாருக்குத் தெரியும்? அந்த இடைவெளியை இதுவரை எதை வைத்து அடைத்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். கைமாற்று, வட்டிக் கடன், உரக்கடையில் பாக்கி, அவசரத்தில் ஓட்டிப்போய் விற்ற ஆடு. நூற்றுக்கு மூன்று வட்டி என்றால் 20,000 ரூபாய்க்கு மாதம் 600 ரூபாய் வட்டிக்கே போகிறது, அசல் அப்படியே நிற்கிறது. உரக்கடைக்குப் பாக்கி வைத்தவர், அதே வியாபாரிக்கு, அவர் சொன்ன விலைக்கு, காயாத கடலையைப் போட்டுவிட்டு வர வேண்டியிருக்கிறது. நீங்கள் சொன்ன மூச்சு இந்த இடத்தில்தான் கிடைக்கிறது. ஆட்டை இன்னும் இரண்டு மாதம் வைத்திருக்கலாம், கடலையைக் காயவைத்து விற்கலாம். சின்ன அவசரத்துக்கு யார் வாசலிலும் நிற்க வேண்டாம்.

இன்னொரு மாற்றத்தை நான் இதைவிடப் பெரிதாக நினைக்கிறேன். ஆடி மழை ஒரு நாள் இறங்கினால் ஊர் முழுக்க ஒரே நேரத்தில் ஏர் பூட்டுகிறது. கையில் காசில்லாத வீட்டில் அன்று காலையிலும் கூலிக்குத்தான் கிளம்புகிறார்கள். அடுத்தவர் காட்டில் விதைத்து முடித்து, கூலி வாங்கி, அந்தக் காசில் உழவுக்குச் சொல்லித் தன் காட்டுக்கு வருவதற்குள் ஈரம் போய்விடும். மானாவாரியில் ஈரம் போனால் போனதுதான். வாணியாறு பாசனத்திலும் கிணறு உள்ள வெற்றிலைத் தோட்டங்களிலும் நாளை பார்க்கலாம் என்று இருக்கலாம், உங்கள் காட்டில் முடியாது. கையில் ஓர் ஆயிரம் இருந்தால் அந்தக் காலையில் முதலில் சொந்தக் காட்டில் இறங்கலாம்.

இது என் ஊகம் மட்டும் இல்லை. 2011-12இல் மத்தியப் பிரதேசக் கிராமங்களில் 'சேவா' அமைப்பு யுனிசெஃப் உதவியோடு ஒரு சோதனை நடத்தியது. பெரியவருக்கு மாதம் 200 ரூபாய், குழந்தைக்கு 100, பிறகு 300, 150 என்று உயர்த்தி, எந்த நிபந்தனையும் இல்லாமல் கொடுத்தார்கள். பணம் வாங்கியவர்கள் வேலையை விடவில்லை. பழங்குடிக் கிராமத்தில் அடுத்தவர் நிலத்துக் கூலி வேலை குறைந்து, சொந்த நிலத்தில் உழைப்பது கூடியது. ஆடு மாடும் பெருகின. உத்தரப் பிரதேசத்தில் பி.எம்.கிசானை ஆராய்ந்தவர்களும் இதையொட்டிய ஒன்றைப் பார்த்தார்கள். விதைப்புக் காலத்தில் கைக்கு வந்த தவணை விவசாயத்துக்குப் போனது, மற்ற நாளில் வந்தது வீட்டுச் செலவுக்குப் போனது. அந்தத் தவணை ஆடிப் பட்டத்துக்கு முன்னால் வந்து சேர்வது உங்கள் பக்கத்துக்கு எவ்வளவு முக்கியம் என்று டெல்லியில் இருப்பவர்கள் உணர வேண்டும். 2019இல் கொடுக்கத் தொடங்கிய அதே 6,000தான் இன்னும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். உழவுக் கூலியும் டீசலும் அப்படி நிற்கவில்லை.

இந்தப் பணம் மழையைக் கொண்டுவராது, விலையை நிமிர்த்தாது. ஒரு பெரிய வியாதி வந்தால் ஒரே வாரத்தில் கரைந்துவிடும். அவற்றுக்கு ஏரியும் கொள்முதலும் நல்ல அரசு மருத்துவமனையும் வேண்டும். ஆயிரம் கொடுத்துவிட்டோமே என்று அரசு அவற்றிலிருந்து நழுவினால் நாம் விடக் கூடாது.

கேள்வி: பெண்களுக்கு மாதாமாதம் பணம் வரத் தொடங்கியதிலிருந்து களை எடுக்க ஆள் கிடைப்பதில்லை. ஆண்களிடம் போகும் பணம் டாஸ்மாக்கில்தான் முடிகிறது. நீங்கள் ஏன் இதையெல்லாம் எழுதுவதில்லை?
ஒரு விவசாயி, மொரப்பூர்

பதில்: எழுதுகிறேன் ஐயா. 2024-25இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவிக்கப்பட்ட நாள் கூலி 319 ரூபாய். ஆயிரம் ரூபாய் என்பது மூன்று நாள் கூலியைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவே. மூன்று நாள் கூலி வந்ததற்காக மாதம் முழுக்க ஒருவர் வீட்டில் உட்கார்ந்துவிட மாட்டார். உங்கள் பக்கத்து இளைஞர்கள் பெங்களூரு கட்டட வேலைக்கும் திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் ஓசூர் ஆலைகளுக்கும் போவது, உரிமைத் தொகை வரத் தொடங்கிய 2023க்கு வெகு முன்பே தொடங்கியது. ஆள் தட்டுப்பாட்டின் பெரும்பங்கு அங்கே இருக்கிறது.

ஆனாலும் உங்கள் குறையில் ஓர் உண்மை உண்டு, அதை மறைக்க மாட்டேன். சிறு விவசாயி வீட்டுப் பெண் தன் காட்டுக் களையை முதலில் எடுத்துவிட்டு உங்கள் காட்டுக்கு வந்தால், பருவத்தின் அந்தச் சில நாட்களில் உங்களுக்கு ஆள் குறையும், கூலியும் கூடும். அது உங்களுக்குச் செலவு. அவருக்கோ அது முதல்முறையாகக் கிடைத்த விளைச்சல். இரண்டில் ஒன்றைச் சொல் என்றால் நான் அவர் பக்கம் நிற்பேன்.

குடி விஷயத்தில், உலக வங்கியின் ஆய்வாளர்கள் இருவர் பல நாடுகளில் நடந்த 19 ஆய்வுகளைத் திரட்டி 2014இல் வெளியிட்டார்கள். உதவித் தொகை வந்ததால் மதுவுக்கும் புகையிலைக்கும் செலவு கூடியது என்பதற்கு அவற்றில் ஏறக்குறைய எங்கும் சான்று இல்லை. நம் ஊரில் குடி ஒரு கொடிய பிரச்சினைதான். ஆனால் அதற்கு உதவித் தொகையைக் காரணம் காட்டுவது அதை வாங்கும் குடும்பங்களுக்குச் செய்யும் அநியாயம்.

கேள்வி: மாதாமாதம் ஆயிரமாகக் கொடுப்பதற்குப் பதில் ஆண்டுக்கு ஒரே தடவையாக 12,000 கொடுத்தால் ஒரு கன்றுக்குட்டியாவது வாங்கலாமே?
சுயஉதவிக் குழு உறுப்பினர், பொம்மிடி

பதில்: அருமையான கேள்வி அம்மா. கென்யாவில் இதையே சோதித்துப் பார்த்தார்கள். மாதாமாதம் வாங்கிய வீடுகளில் சாப்பாட்டுக் குறை நீங்கியது, மொத்தமாக வாங்கிய வீடுகளில் தகரக் கூரை போன்ற நிலைத்த பொருள்கள் சேர்ந்தன. 2018இல் தொடங்கிய இன்னொரு பெரிய ஆய்வு, நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் மற்றவர்களும் நடத்துவது, 12 ஆண்டுகள் மாதப் பணம் தருவதாக உறுதி சொல்லிச் சில கிராமங்களுக்குக் கொடுத்து வருகிறது. அந்த மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சீட்டுப் போட்டார்கள். முறைவைத்து ஆளுக்கு ஒரு தடவை மொத்தமாக எடுத்து ஆடு மாடு, சிறு வியாபாரம் என்று இறக்கினார்கள். அடுத்த மாதமும் பணம் வரும் என்ற நம்பிக்கை இருந்ததால்தான் சீட்டுக் கட்டத் துணிந்தார்கள்.

இதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் 1989இல் தொடங்கியதே அன்றைய தருமபுரி மாவட்டத்தில்தான். உரிமைத் தொகைக்கான விண்ணப்பப் பதிவு முகாமை முதலமைச்சர் 2023 ஜூலை 24 அன்று தொடங்கி வைத்ததும் உங்கள் மாவட்டத்துத் தொப்பூரில். பத்துப் பேர் சேர்ந்து மாதம் 500 போட்டால் மாதாமாதம் ஒருவருக்கு 5,000 கிடைக்கும். மீதி 500 வீட்டுக்கு இருக்கும். வெளியாள் நடத்தும் சீட்டில் மட்டும் சேராதீர்கள். குழுவுக்குள், வங்கிக் கணக்கு வழியாக, நோட்டில் எழுதி நடத்துங்கள்.

கேள்வி: காடு என் தாத்தா பெயரில் கூட்டுப் பட்டாவாக இருக்கிறது. கூடவே இரண்டு ஏக்கர் குத்தகைக்கு ஓட்டுகிறேன். பி.எம்.கிசான் எனக்கு இல்லை என்கிறார்கள். சரிதானா?
ஒரு வாசகர், அரூர்

பதில்: குத்தகை நிலத்துக்கு அந்தத் திட்டத்தில் இடமில்லை தம்பி. நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் பணம், உழுகிறவர் யார் என்று கேட்பதில்லை. அந்தத் திட்டத்தின் பெரிய குறை இது. ஒடிசா அரசு 2018 டிசம்பரில் அறிவித்த 'காலியா' திட்டத்தில் குத்தகைக்காரர்களையும் நிலமில்லாதவர்களையும் சேர்த்தார்கள். அந்த வழி நமக்கும் வேண்டும்.

பூர்வீகக் காட்டுக்கு வழி இருக்கிறது. 2019 பிப்ரவரி 1க்குப் பிறகு நிலம் வாங்கியவர்களுக்குத்தான் தடை, உரிமையாளர் இறந்து வாரிசாகப் பெற்றவர்களுக்கு இல்லை. தாத்தாவின் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் எடுத்து, பங்காளிகளோடு பேசி முடித்து, இ-சேவை மையத்தில் பட்டா மாறுதலுக்கு விண்ணப்பியுங்கள். உட்பிரிவு என்றால் நில அளவையர் வந்து அளக்க வேண்டியிருக்கும். தாமதமானால் வட்டாட்சியர் அலுவலகத்தில் ஜமாபந்தி நடக்கும்போது மனு கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுப் பெண்களின் உரிமைத் தொகைக்குப் பட்டா தேவையில்லை. நன்செய் ஐந்து ஏக்கருக்கும் புன்செய் பத்து ஏக்கருக்கும் மேல் போகக் கூடாது என்ற வரம்போடு, ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும், வீட்டில் கார், டிராக்டர் இருக்கக் கூடாது என்பது போன்ற விதிகள்தான் அதற்கு. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டிருந்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கி, கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யுங்கள்.