இரட்டைப் பதிவுக்கு மூன்று தெரிவுகள் போதும்

நல்லூரில் ஒரு ரியூட்டரிக்கோ சுன்னாகத்தில் ஒரு கடைக்கோ முதல் மென்பொருளை எழுதிக் கொடுக்கப்போகும் தம்பி தங்கைகளுக்கு இது. வேலை தொடங்கியதும் உங்கள் கைக்கு வருவது ஒரு பழைய எக்செல் கோப்பு. அதில் ஒரே ஆள் இரண்டு மூன்று தடவை இருப்பார். அவரை என்ன செய்வது என்ற முடிவைக் கோடுக்குள் புதைக்காதீர்கள். மேசையில் இருந்து பதிகிறவர் அதைத் தெரிவு செய்யட்டும்.

அதற்கு முன், எவையெவை பொருந்தினால் ஒரே ஆள் என்பதை வாடிக்கையாளரோடு பேசித் தீர்த்துவிடுங்கள். பெயரை நம்பவேண்டாம். தவராசா அடுத்த படிவத்தில் தவராஜா ஆவார். ஆங்கிலத்தில் எழுதினால் இன்னும் பல வடிவம் எடுப்பார். மறுபக்கம், தகப்பன் பெயரின் முதலெழுத்தும் சொந்தப் பெயரும் ஒன்றாயுள்ள இரண்டு பேர் ஒரே ஊரில் இருப்பது சாதாரணம். தொலைபேசி எண்ணும் தனியே உதவாது. அக்காவும் தம்பியும் ஒரே ரியூட்டரியில் படித்தால் இரண்டு படிவத்திலும் அம்மாவின் எண்தான் இருக்கும்.

பெரியவர்களுக்கு அடையாள அட்டை எண் நல்ல பிடிமானம். ஆனால் அதுவும் இரண்டு வடிவில் வரும். 2016 முதல் வழங்கப்படும் அட்டைகளில் 12 இலக்கம். பழையதில் 9 இலக்கமும் கடைசியில் வி அல்லது எக்ஸ் எழுத்தும். பழைய அட்டையோடு சேர்ந்தவர் புது அட்டையோடு மறுபடி வந்தால் உங்கள் மென்பொருள் அவரை இரண்டு பேராக எண்ணும். தீர்வு எளிது. பழைய எண்ணின் முன்னால் 19 சேருங்கள், பழைய எண்ணின் ஐந்தாம் இலக்கத்துக்குப் பின் ஒரு 0 இடுங்கள், எழுத்தை நீக்குங்கள்: 12 இலக்கம் கிடைத்துவிடும். ஒப்பிடுவது இந்த வடிவில் நடக்கட்டும். திரையில் அவர் தந்தபடியே காட்டுங்கள்.

தமிழில் பதிவதானால் இன்னும் கவனம் வேண்டும். ‘கொ’வில் உள்ள உயிர்க்குறி ஒரே குறியீடாகவும் வரும், கொம்பும் காலுமாக இரண்டு குறியீடாகவும் வரும். யூனிகோட்டின் என்.எப்.சி. முறையில் சீராக்கினால் இரண்டும் ஒன்றாகும். ஸ்ரீ அப்படி அடங்காது. ‘ஸ’வில் தொடங்கும் ஸ்ரீயும், 2005இல் யூனிகோட்டில் சேர்ந்த ‘ஶ’வில் தொடங்கும் ஶ்ரீயும் பல எழுத்துருக்களில் ஒரே உருவம்தான், கணினிக்கு வேறு வேறு. இதற்கு நீங்களே ஒரு விதி எழுதவேண்டும். ஸ்ரீஸ்கந்தராசாக்கள் நிறைந்த ஊரில் இது சின்ன விடயமல்ல. கோப்பு பாமினி எழுத்துருவில் தட்டியதென்றால் முதலில் யூனிகோட்டுக்கு மாற்றிவிடுங்கள்.

எது ஒன்று, எது வேறு என்பது பொருளுக்குப் பொருள் மாறும். 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தில் டொமினிக் ஜீவாவின் ‘மல்லிகை’யைத் தேடிப் பாருங்கள். ஒவ்வொரு இதழும் ஆண்டும் மாதமும் சேர்ந்த தலைப்போடு தனிப் பதிவாக நிற்கும். பெயரை மட்டும் ஒப்பிடும் மென்பொருள் அத்தனை இதழையும் ஒன்றாக்கிவிடும்.

இனித் தெரிவுகள். விட்டுவிடு, புதுப்பி, என்னைக் கேள். இந்த மூன்றும் போதும், இந்தச் சொற்களிலேயே இருக்கட்டும். ஒருவர் கையால் பதியும்போது ‘என்னைக் கேள்’ முன்னிருப்பாக இருக்கவேண்டும். பழைய பதிவையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டுங்கள். மொத்தமாகக் கோப்பு ஏற்றும்போது ‘விட்டுவிடு’. முடிவில் விடப்பட்ட வரிகளின் பட்டியல் கட்டாயம் வரவேண்டும். வெறுமையான கலம் இருக்கிற தகவலை அழிக்கக்கூடாது என்பதைத் தெரிவாக வைக்காதீர்கள், விதியாகவே எழுதுங்கள். பெயர் கிட்டத்தட்டப் பொருந்தினால் தானாகவே இணைக்கும் வசதியை யார் கேட்டாலும் மறுத்துவிடுங்கள். ஐயத்தைச் சுட்டிக்காட்டுவது மென்பொருளின் வேலை, இணைப்பது மனிதரின் வேலை.

‘புதுப்பி’யை எழுதும்போது மைஎஸ்கியூஎல்லின் ரிப்ளேஸ் கட்டளைக்குக் கை போகும். அது பழைய வரியை அழித்துவிட்டுப் புதிதாகச் சேர்க்கிறது. பற்றுச்சீட்டு அட்டவணை அந்த வரியோடு தொடர் அழிப்பில் கட்டப்பட்டிருந்தால், மாணவரின் கட்டணப் பதிவுகள் சத்தமில்லாமல் போய்விடும். ஆன் டூப்ளிகேட் கீ அப்டேட் என்பதைப் பயன்படுத்துங்கள். போஸ்ட்கிரெஸில் 9.5 பதிப்பிலிருந்து ஆன் கான்ஃபிளிக்ட் உண்டு. இரண்டுக்கும் தரவுத்தளத்தில் தனித்துவ விதி இருந்தாக வேண்டும்; அது இல்லாமல் திரையில் வைக்கும் தெரிவுக்குப் பயனில்லை.

நேர்முகத் தேர்வுக்கும் யாழ் கீக் சலஞ் போன்ற போட்டிகளுக்கும் போகிறவர்கள் வண்ணத் திரைகளோடு இந்த ‘விடப்பட்டவை’ பட்டியலையும் காட்டுங்கள். தரவோடு உண்மையாகப் பழகியவர் என்பது அதில் தெரியும்.

மென்பொருளைக் கையளிக்கும் முன் ஒரே கோப்பை இரண்டு தடவை ஏற்றிப் பாருங்கள். இரண்டாம் தடவையில் ஒரு பதிவும் கூடக்கூடாது, ஒரு பற்றுச்சீட்டும் குறையக்கூடாது.