ஓர் எண்ணெய்க் கலன் கற்பிக்கும் பாடம்
(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

என் தந்தையின் உள்ளங்கையில் ஒரு தழும்பு உண்டு. ஆயில் என்ஜினுக்கு டீசல் சுமந்தபோது, தகர டின்னில் கட்டிய கம்பி அறுத்த தழும்பு அது. அக்கம்பிக்கு மாற்றே இல்லையா என்று எண்ணியதுண்டு. விடை 'ஜெர்ரி கேன்' என்னும் கலனில் கிடைத்தது.

1937-இல் ஜெர்மன் இராணுவத்துக்காக வின்சென்ஸ் குரூன்ஃபோகல் என்ற பொறியாளர் இதை வடிவமைத்தார். கொள்ளளவு 20 லிட்டர். 'ஜெர்ரி' என்பது ஜெர்மானியருக்கு ஆங்கிலேயர் வைத்த பட்டப்பெயர்.

இதற்குக் கைப்பிடிகள் மூன்று. ஏன் மூன்று? ஒருவர் தூக்க நடுப்பிடி. இருவர் தூக்க ஓரப்பிடிகள். வெற்றுக் கேன்கள் இரண்டை அருகருகே வைத்தால், ஓரப்பிடிகளைச் சேர்த்து ஒரே கையில் தூக்கலாம்!

அழுத்தி வார்த்த இரு தகடுகளைச் சேர்த்துப் பற்றவைத்ததே உடல். பற்றவைத்த விளிம்பு உள்ளடங்கியிருப்பதால் அடிபடாது. பக்கங்களில் உள்ள பெருக்கல் குறி போன்ற பள்ளங்கள் தகட்டுக்கு உறுதி தருகின்றன. மூடி நெம்புகோல் தத்துவத்தில் இறுகுகிறது. திறக்கக் கருவி வேண்டாம். கழுத்திலுள்ள சிறு குழாய் காற்றை உள்ளே விடுவதால் எண்ணெய் தடையின்றி ஊற்றும்.

மேற்புறத்தில் சிறிது காற்றிடம் விட்டிருக்கிறார்கள். வெப்பம் 20 டிகிரி உயர்ந்தால் 20 லிட்டர் பெட்ரோல் ஏறக்குறைய 0.4 லிட்டர் பெருகும். அந்தப் பெருக்கத்துக்கு இடம் வேண்டாமா? நிரம்பிய கேனின் எடை சுமார் 19 கிலோ. முழுதும் நீரில் அமிழ்ந்தால் அது விலக்கும் நீரோ 20 கிலோவுக்கும் மேல். ஆகவே ஆர்க்கிமிடீஸ் விதிப்படி கேன் மிதக்கும்.

இரண்டாம் உலகப் போரில், வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் ஆங்கிலேயரின் மெல்லிய 4 காலன் தகர டின்கள் ஒழுகி, எரிபொருள் மணலில் வீணாயிற்று. எதிரியின் கேன்களைக் கைப்பற்றிப் பயன்படுத்தினர். பின்னர் அவ்வாறே தாமும் செய்தனர். போருக்குப் பிறந்த கலன், போர் முடிந்தும் உலகெங்கும் பயன்படுகிறது.

விடுமுறையில் இதன் படத்தை வரைந்து தந்தைக்கு விளக்கினேன். அவர் பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர். மூன்று பிடிகளையும் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "சுமக்குறவன் கையை நெனச்சுச் செஞ்சிருக்கான்" என்றார்.

நண்பர்களே, நாம் கற்கும் விதிகள் தேர்வுத்தாளோடு முடிந்துவிடலாமா? நாளை நாம் எதை உருவாக்கினாலும், அதைச் சுமக்கப் போகும் கையை முதலில் நினைப்போம்.