கூப்பிட்டால் திரும்பிப் பாருங்கள்



சேமிப்பு, கடன், வரவு செலவு பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். இந்த மாதப் பாடம் நம் வீட்டுக் கைக்குழந்தையைப் பற்றியது.

சில மாதங்களுக்கு முன் ஒரு கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் கண் கலங்கினார். "விடியக்காலையில நடவுக்குப் போறேன், பொழுது சாயத்தான் வர்றேன். ஒன்றரை வயசுப் பிள்ளை மாமியார்கிட்டதான் ஒட்டுது. நான் தூக்கினா அழுவுது. பெத்தவ நான்தானே?" என்றார். பக்கத்தில் இருந்த பெரியம்மா, "வேலையை விட்டா சோத்துக்கு என்ன பண்றது?" என்று கேட்டார். இரண்டு பேர் கேட்டதும் நியாயம்தான்.

நாங்கள் முதலில் சொன்னது இதுதான்: பாட்டியிடம் ஒட்டுவது நல்லது. குழந்தை அம்மா, அப்பா, பாட்டி என்று பல பேரிடம் பாசம் வைக்கும். ஒருவரிடம் வைப்பதால் இன்னொருவருக்குக் குறைந்துவிடாது.

பாசம் எப்படி வளருகிறது?

பிறந்த குழந்தைக்கு ஒரு சாண், ஒன்றரைச் சாண் தூரம்தான் ஓரளவு தெளிவாகத் தெரியும். பால் கொடுக்கும்போது நம் முகம் அந்தத் தூரத்தில்தான் இருக்கிறது. அழுகை, சிரிப்பு, 'ங்கா' சத்தம், கை நீட்டுவது எல்லாமே குழந்தை நம்மைக் கூப்பிடும் விதம். நாம் பதில் கொடுக்கக் கொடுக்க, 'எனக்கு ஆள் இருக்கு' என்ற நம்பிக்கை அதற்கு வருகிறது.

1970களில் அமெரிக்க உளவியல் அறிஞர் எட்வர்ட் டிரானிக் ஒரு சோதனை செய்தார். குழந்தையோடு கொஞ்சிக்கொண்டிருந்த தாய், சில நிமிடம் முகத்தில் எந்த அசைவும் காட்டாமல் இருந்தார். குழந்தை சிரித்துப் பார்த்தது, கை நீட்டியது. பதில் இல்லை என்றதும் வாடிப்போய் முகத்தைத் திருப்பிக்கொண்டது. செல்போனைப் பார்த்துக்கொண்டே பால் கொடுக்கும்போது நம் முகமும் அப்படித்தானே இருக்கிறது?

வேலையோடு வேலையாகச் செய்யலாம்

1. வேலைக்குக் கிளம்பும்போது தெரியாமல் நழுவாதீர்கள். "அம்மா சாயங்காலம் வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். அப்போதைக்கு அழும். சொன்னபடி நீங்கள் வருவதைப் பார்த்துப் பார்த்து நம்பிக்கை வரும்.

2. வீட்டுக்கு வந்ததும் கை கால் கழுவிவிட்டு, முதலில் பிள்ளையோடு பத்து நிமிடம் உட்காருங்கள். வரவில்லை என்றால் பிடித்து இழுக்காதீர்கள். பக்கத்தில் இருங்கள், அதுவே வரும்.

3. குளிப்பாட்டும்போதும் சோறு ஊட்டும்போதும் பேசுங்கள். அது 'ம்ம்' என்றால் நீங்களும் 'ம்ம்' சொல்லுங்கள்.

4. அழும் குழந்தையைத் தூக்கினால் கெட்டுப்போகும் என்பது தவறு. கைக்குழந்தையைத் தூக்கித் தேற்றுங்கள்.

5. குளிப்பாட்ட, தூங்கவைக்க அப்பாவும் பழகட்டும். வெளியூரில் வேலை செய்பவர் போனில் பிள்ளையோடும் பேசட்டும்.

பிரசவத்துக்குப் பிறகு இரண்டு வாரத்துக்கு மேல் மனசு வாடி, அழுகையாகவே வந்தால் அது தாயின் குற்றமல்ல. சிகிச்சை உண்டு. கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லுங்கள்.

நாங்களும் மாற வேண்டும்

கூட்டத்தில் குழந்தை அழுதால், "யாராவது வெளியே தூக்கிட்டுப் போங்க" என்று நாங்களே சொல்லியிருக்கிறோம். நோட்டு எழுதி முடிக்கிற அவசரம். இனி ஓரமாக ஒரு பாய் விரிப்போம். நாலு கிண்ணம், கரண்டி போட்டு வைப்போம். பிள்ளை கூப்பிட்டால் கணக்கு ஒரு நிமிடம் நிற்கட்டும்.

அந்தச் சகோதரி இப்போது வேலை முடிந்து வந்ததும் பிள்ளையோடு உட்காருகிறார். அந்த நேரம் மாமியார் அடுப்பைப் பார்த்துக்கொள்கிறார். "ராத்திரி இன்னும் பாட்டிகிட்டதான் தூங்குது. ஆனா சாயங்காலம் எனக்காக வாசல்ல நிக்குது" என்றார்.

குழுவில் கலந்து பேசுங்கள்

* நேற்று உங்கள் குழந்தை உங்களை எப்படியெல்லாம் கூப்பிட்டது?
* வேலைக்குப் போகும் தாய்க்கு அந்தப் பத்து நிமிடம் கிடைக்க வீட்டில் யார் உதவலாம்?
* நம் கூட்டத்தில் குழந்தைகளுக்கு என்ன ஏற்பாடு செய்யலாம்? தீர்மான நோட்டில் எழுதுங்கள்.