தடியும் பெடலும்: ட்ரம்ஸ் பழகுவோரிடையே நிலவும் நம்பிக்கைகளும் உண்மைகளும்

இல்ல விளையாட்டுப் போட்டி நெருங்கும் தை, மாசி மாதங்களில், கிளிநொச்சி நகரத்துக்கு மேற்கே இரணைமடுத் தண்ணீர் பாயும் வயல்களின் நடுவே அமைந்த உருத்திரபுரத்திலும் அதன் அயற்கிராமங்களிலும், மைதானத்தின் ஓரத்தில் அணிநடைக்கென்று பான்ட் வாத்தியம் பழகும் பிள்ளைகளின் கைகளைச் சற்றே அருகில் சென்று நோக்குவோமாயின், பெரும்பாலான கைகளில் ஒரே அடையாளத்தைக் காணலாம்: பெருவிரல் நகம் அழுத்தத்தால் வெளுத்திருக்கும், சுட்டுவிரலின் அடியில் தடி உராய்ந்த இடம் சிவந்திருக்கும், முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை நரம்புகள் புடைத்திருக்கும். பிள்ளை சோம்பலால் இப்படிப் பிடிக்கவில்லை. ‘இறுக்கிப் பிடி, இல்லாவிட்டால் தடி பறந்துவிடும்’ என்று யாரோ சொன்னதைச் சிரத்தையோடு கேட்டு, அதை ஒழுங்காகக் கைக்கொண்டதன் பலன் இது.

யுத்தமும் இடப்பெயர்வும் ஊரைப் பெயர்த்தெடுத்துப் போட்டு, மக்கள் மீண்டும் வந்து குடியேறிய ஒரு பிரதேசத்தில், குருவின் முன்னே அமர்ந்து ஆண்டுக்கணக்காகக் கற்கும் தொடர்ச்சி பல இடங்களில் அறுந்துபோனதால், வாத்தியக் கல்வியில் காரணங்கள் மறைந்து கட்டளைகள் மாத்திரம் எஞ்சி நிற்பது இயல்பே. ஆயினும் தாளவாத்தியத்தின் எந்த விதியும் காரணமின்றிப் பிறந்ததன்று. மனித சரீரத்தின் அமைப்பும் கருவி நிற்கும் அல்லது தொங்கும் நிலையுமே அவ்விதிகளை ஈன்றன. எந்த விதிக்கு அத்தகைய காரணம் காட்ட முடியவில்லையோ, அதைக் கற்பிப்பவர் எத்துணை பெரியவராயினும், அது வெறும் நம்பிக்கை என்றே கொள்ளல் வேண்டும்.

இறுகப் பிடித்தலைப் பற்றிய நம்பிக்கையையே முதலில் ஆராய்வோம். சாதாரணமாகப் புழங்கும் 5ஏ என்னும் தடியின் நீளம் ஏறக்குறைய 406 மில்லிமீற்றர், குறுக்களவு ஏறக்குறைய 14.4 மில்லிமீற்றர். நிறையோ 50 கிராமை ஒட்டியது. இத்துணை இலேசான ஒரு பொருளை உயர்த்துவதற்குத் தோள்பலம் தேவைப்படுவதில்லை. இழுத்துக் கட்டிய தோலின் மீது அது விழும்போது தோலே அதை மேலே எறிகிறது. அந்த எழுச்சியைக் கை மறிக்காமல் விட்டுக்கொடுத்தால், அடுத்த அடிக்கான பாதி வேலையைக் கருவியே செய்து முடித்துவிடுகிறது. வாய்க்கால் வரம்பு கட்டும் அனுபவசாலியான கமக்காரர், மண்வெட்டி மண்ணில் இறங்கும் கணத்தில் பிடியைத் தளர்த்தி, அதன் பாரத்தையே வெட்டச் செய்வதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இந்த நியாயத்தை விளக்கப் பெரும் பிரயாசம் வேண்டியதில்லை.

தடியைப் பெருவிரலின் மென்பகுதிக்கும் சுட்டுவிரலின் முதற் கணுவுக்கும் இடையே ஏந்தி, ஏனைய மூன்று விரல்களும் அதைத் தொட்டும் தொடாமலும் சூழ்ந்திருக்க வேண்டும். பிடிக்கும் இடம், அடிநுனியிலிருந்து ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு தூரத்தில் அமையும். சரியான இடத்தை அளவுகோலால் தேடுவதைக் காட்டிலும் காதால் தேடுவது உத்தமம்: இரு விரல்களால் மாத்திரம் ஏந்தித் தடியைத் தோலின் மீது விழவிட்டு, எந்த இடத்தில் பிடிக்கும்போது அது அதிகத் தடவை துள்ளுகிறதோ, அந்த இடமே அந்தத் தடியின் சுழல்மையம். ஒருவன் இதை ஐந்து நிமிடத்தில் தானாகவே கண்டுபிடித்துவிடலாம். ஆனால் பல பிள்ளைகளுக்கு அந்த ஐந்து நிமிடம் கொடுக்கப்படுவதேயில்லை.

பலமே பிரதானம் என்ற இந்த எண்ணத்தின் கிளையாகவே, பெண்பிள்ளைகளுக்கு மேளம் ஏற்றதன்று என்னும் அபிப்பிராயமும் வளர்ந்தது. 1912இல் பிறந்து 2020இல் தம் 107ஆம் வயதில் மறைந்த அமெரிக்க ட்ரம்ஸ் வித்தகி வயோலா சிமித், பன்னிரண்டு மேளங்களைச் சுற்றிவர அடுக்கி வாசித்துப் புகழ் பெற்றதோடு, 1942இல் ‘டவுன் பீட்’ என்ற இசைச் சஞ்சிகையில் பெண் வாத்தியக்காரருக்கும் இசைக்குழுக்களில் இடந்தர வேண்டும் என்று எழுதினார். 50 கிராம் தடியைத் துள்ளவிடுவதற்கு ஆண், பெண் என்ற பேதம் எவ்வாறு வரும்? இந்த அபிப்பிராயத்தால் வாத்தியத்தின் பக்கம் வராமலே போன பெண்பிள்ளைகளை நினைக்குந்தோறும் மனம் வருந்துகிறது.

அடுத்தது, இடக்கையைப் பற்றிய பிணக்கு. இடது உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பி, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடைப்பட்ட கவட்டில் தடியைக் கிடத்தி, மோதிரவிரலின் மேல் அதைத் தாங்கச் செய்யும் பிடியே சாஸ்திரோக்தமானது என்றும், இரு கைகளும் ஒரே விதமாகப் பிடிப்பது கற்க முடியாதோரின் குறுக்குவழி என்றும் வாதிடுவோர் இன்றும் உளர். இந்தப் பிடி எங்கே பிறந்தது? ஐரோப்பியப் படையணிகளில், வாரில் கோத்துத் தோளில் மாட்டிய மேளம் இடது தொடையின் பக்கமாகச் சாய்ந்து தொங்கியது. நடந்துகொண்டே வாசிக்கும் வீரன் உயர்ந்து நின்ற இடப்பக்க விளிம்பைத் தாண்டிக் கையைக் கொண்டுசெல்ல வேண்டியிருந்ததால், உள்ளங்கை மேல்நோக்கித் திரும்பியது. சாய்வே அதன் ஏக காரணம்.

இது நமக்குப் புதிய சங்கதியன்று. உருத்திரபுரீஸ்வரர் ஆலயத் திருவிழாவில் தவில் வாசிப்பவரைப் பாருங்கள்: தவில் கிடையாகத் தொங்குவதால், ஒரு முகத்தில் தடியும் மறு முகத்தில் கூடு அணிந்த விரல்களுமாக இரு கைகளும் இரு வேறு தொழில்களைச் செய்கின்றன. 1933இல் பிறந்து 1975இல் மறைந்த தவில் வித்துவான் யாழ்ப்பாணம் தட்சணாமூர்த்தியின் வாசிப்பைத் தமிழகத்து வித்துவான்களும் போற்றினார்கள் எனின், அந்த இரு கைகளும் அவ்வாறு பிரிந்து நின்றே ஒன்றாகியதை அவர்கள் உணர்ந்ததனாலேயே. கருவி இருக்கும் நிலைக்கேற்பக் கை அமைந்ததே தவிர, கையின் அமைப்பு எங்கும் வேதவாக்காக விதிக்கப்படவில்லை.

ஆகவே, வாரில் சாய்ந்து தொங்கும் பாடசாலை மேளத்துக்குப் பழைய பிடி இன்றும் பொருத்தமானது. தாங்கியில் மட்டமாக வைக்கப்படும் ஸ்னேர் மேளத்துக்கு அது கட்டாயமன்று. 1964ஆம் ஆண்டு பெப்ரவரியில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் பீட்டில்ஸ் குழுவினர் தோன்றியபோது, அக்குழுவில் ட்ரம்ஸ் வாசித்த ரிங்கோ ஸ்டார் இரு கைகளையும் ஒரே விதமாகப் பிடித்து வாசித்ததைக் கோடிக்கணக்கானோர் கண்டனர். அதன்பின் அந்தப் பிடி உலகெங்கும் பரவியது. பெரும்பாலும் பழைய பிடியிலேயே வாசித்த ட்ரம்ஸ் வித்தகர் படி ரிச்சின் வேகத்தை மிஞ்சுவோரும் அரியர். இரண்டும் மெய்யான வழிகள். ஒரேவிதப் பிடியிலும் உள்ளங்கை தரையை நோக்கி மணிக்கட்டால் அடிப்பது ஜேர்மன் முறை. பெருவிரல் மேல்நோக்கி விரல்களால் ஆட்டுவது பிரெஞ்சு முறை. இரண்டுக்கும் நடுவே நிற்பது அமெரிக்க முறை. ஆரம்ப மாணவனுக்கு இந்த நடுவழியே போதும்.

இடக்கைப் பழக்கமுள்ள பிள்ளையை வலக்கைக்கு மாற்றினால்தான் வாசிப்பு வரும் என்பதும் ஆதாரமற்றது. ரிங்கோ ஸ்டார் இடக்கைப் பழக்கமுள்ளவர். ஆயினும் வலக்கையருக்கென அடுக்கிய மேளங்களையே வாசித்தார். அவரைப் போலவே இடக்கைப் பழக்கமுள்ள ட்ரம்ஸ் வித்தகர் பில் கொலின்ஸோ அடுக்கை முற்றாக இடம்மாற்றி வாசித்தார். பிள்ளைக்கு எது இலகுவோ அதுவே வழி.

இனிப் பெடலுக்கு வருவோம்; அறியாமை மிகுதியாக நிலவுவது இங்கேதான். காலால் மிதித்துப் பெருமேளத்தை அடிக்கும் இந்தச் சாதனம் தோன்றுமுன், ஒருவரே பெருமேளத்தையும் ஸ்னேர் மேளத்தையும் கைத்தடிகளாலேயே மாறிமாறி அடித்தார். முன்னரும் சில மிதிகள் இருந்தனவெனினும் புதிய நடனச் சங்கீதத்தின் வேகத்துக்கு அவை ஈடுகொடுக்கவில்லை. 1909இல் சிக்காகோவில் வில்லியம் லட்விக்கும் அவருடைய சகோதரர் தியோபால்டும் உருவாக்கிய பெடலே அந்த வேகத்தைச் சாத்தியமாக்கியது. அதன் பிறகே, ஒரு மனிதன் இருந்தபடி முழு அடுக்கையும் ஆளும் வாசிப்பு நிலைபெற்றது.

அத்தகைய உபகரணத்தை, பெட்டியிலிருந்து எடுத்தபடியே மாட்டி மிதிப்பதுதான் நம்மிடையே வழக்கம். ‘ஸ்பிரிங்கை எவ்வளவு முறுக்குகிறோமோ அவ்வளவு வேகம்’ என்ற நம்பிக்கையினால் திருகாணியை அதன் எல்லைவரை இறுக்கிவிடுகிறார்கள். ஸ்பிரிங்கின் தொழில் அடிப்பதன்று. மேளத்தோலை அடித்த சுத்தியலைத் திரும்ப எடுத்துச்செல்வதே. அதை மிகைப்பட முறுக்கினால் ஒவ்வோர் அடியிலும் கால் அதனோடு மல்லாடவேண்டியதாகி, இரண்டு பாட்டுக்குள் முன்கால் தசை கடுத்துவிடும். மிகத் தளர்த்தினாலோ சுத்தியல் பாதத்துக்குப் பின்னே பிந்தி வரும். திருகாணியை அதன் வீச்சின் நடுவில் வைத்து, பாதம் மேலெழும்போது மிதிபலகை அடிப்பாதத்தை விட்டு அகலாமல் கூடவே எழும்வரை சிறிது சிறிதாக இறுக்குவதே முறை.

சுத்தியல் ஓய்ந்து நிற்கையில் தோலிலிருந்து ஏறக்குறைய 45 பாகை சாய்ந்திருப்பது ஆரம்பத்துக்கு உகந்தது. மேலும் பின்னே சாய்த்தால் ஓசை பெருகும், உழைப்பும் பெருகும். அதன் தண்டின் உயரத்தை, தலை தோலின் நடுவில் அல்லது நடுவுக்குச் சற்று மேலே படுமாறு அமைக்க வேண்டும். 22 அங்குல மேளமாயின் விளிம்பிலிருந்து 11 அங்குலத்தில் நடு வரும். மேளத்தின் முன்புறக் கால்களைச் சிறிது நீட்டி, முன்விளிம்பு தரையிலிருந்து ஓர் அங்குலமளவு எழும்பி நிற்கச் செய்து, அடியிலே கம்பளமோ தடித்த சாக்கோ விரித்துவிட்டால், சீமெந்துத் தரையில் மேளம் முன்னே நகர்ந்தோடும் தொல்லை பெரும்பாலும் ஒழியும். மேளம் நகர்வதற்குப் பிள்ளையின் மிதியைக் குறைகூறும் வழக்கம், இந்தச் சாக்கை விரித்தாலே நின்றுபோகும்.

குதிக்காலைப் பலகையில் ஊன்றி மிதிப்பது பிழை என்றும், தூக்கி மிதிப்பதே தேர்ச்சியின் அடையாளம் என்றும் சொல்வதுண்டு. ஊன்றி மிதிக்கையில் கணுக்கால் மாத்திரம் அசைவதால் மெல்லிய ஓசை வசப்படும். தூக்கி மிதிக்கையில் முழுக்காலின் பாரமும் இறங்குவதால் பேரோசை எழும். ஆராதனையில் பாடகரைத் தாங்கி வாசிப்பதற்கு முன்னதும், திறந்தவெளி மேடைக்குப் பின்னதும் வேண்டியிருப்பதால், ஒன்றைக் கற்று மற்றதை விடுவது நஷ்டமே.

இவை யாவற்றையும் ஆசனம் கெடுத்துவிடக்கூடும். கைப்பிடியுள்ள பிளாஸ்டிக் கதிரையில் அமர்ந்து பழகும் பிள்ளையின் முழங்கைகள் அக்கைப்பிடியில் இடித்துக்கொண்டே இருக்கும். வளர்ந்த பிள்ளையாயின் முழங்கால் இடுப்பைவிட உயர்ந்து, கால் முழுதும் தூக்கிப் போடும் பாரமாகிவிடும். இடுப்பு முழங்காலைவிடச் சற்றே உயர்ந்திருக்கும்படி, கைப்பிடியற்ற முக்காலியில் அமர்வதே சரி.

ட்ரம்ஸ் வாங்காமல் பழக முடியாது என்பாருக்கு ஒரு வார்த்தை: பழைய டயரில் வெட்டிய தட்டையான இறப்பர்த் துண்டைப் பலகையில் ஒட்டினால், கைக்கு வேண்டிய அப்பியாசத்தின் பெரும்பகுதி நிறைவேறும். அதில் முதலில் பழகத்தக்கது வலம், இடம், வலம், வலம்; இடம், வலம், இடம், இடம் என்னும் வரிசை. மேல்நாட்டார் இதைப் ‘பரடிடில்’ என்பர். தாளவாத்திய அடிப்படைகளென 1933இல் அமெரிக்க மேளகாரர் சங்கம் ஒன்று வகுத்த அட்டவணை முதல் இன்றுவரை இது இடம்பெற்று வருகிறது. கைகள் இவ்வாறு மாறிமாறி ஓட, வாய் ‘தகதிமி தகதிமி’ என்று சமமாகச் சொல்லட்டும். ‘த’ விழும் இடத்தில் கால் தரையைத் தட்டட்டும். மேற்கத்திய வாத்தியத்துக்கு இவ்வாறு வாயால் தாளம் சொல்லும் கொன்னக்கோல் ஆகாது என்பவர்கள், தகிட, தகதிமி, தகதகிட என்று மூன்றும் நான்கும் ஐந்துமாகக் காலத்தைப் பகுத்துச் சொல்லும் இவ்வரிய கணக்கைத் திருவிழாத்தோறும் கேட்டு வளர்ந்த பிள்ளையின் கையிலிருந்த சொத்தைப் பறிக்கிறார்கள். நிமிடத்துக்கு 60 தட்டு என்ற மந்த காலத்தில் ஒலி சமப்பட்ட பின்பே காலத்தைக் கூட்ட வேண்டும். வேகம் முதலில் வந்தால் தெளிவு பிறகு வரும் என்போர் கூற்று நேர்மாறானது; கலங்கிய அடியை விரைந்து அடித்தால் கலக்கமே பழக்கமாகும்.

கடைசியாக, ‘காது பழகிவிடும்’ என்ற வாக்கு. எல்லாவற்றிலும் ஆபத்தானது இதுவே. ஒலி 85 டெசிபல் அளவில் இருந்தால் நாளொன்றுக்கு எட்டு மணிநேரம் வரை தாங்கலாம் என்றும், ஒவ்வொரு 3 டெசிபல் உயர்வுக்கும் அந்த நேரம் பாதியாகும் என்றும் தொழிற்சுகாதார விஞ்ஞானிகள் வகுத்திருக்கிறார்கள். அக்கணக்கின்படி 100 டெசிபலுக்கு 15 நிமிடமே எல்லை. தகரக் கூரையின் கீழ், மூடிய அறையில் அடிக்கும் ட்ரம்ஸ் அந்த அளவை எளிதாகத் தாண்டிவிடும். பழகிவிட்டதாகத் தோன்றுவது, உட்செவியின் நுண்ணிய கலங்கள் மடிந்து ஒலி குறைவாகக் கேட்பதனாலேயே. மடிந்த கலங்கள் மீண்டும் முளைப்பதில்லை. பஞ்சைத் திணிப்பது பெரிதாகக் காக்காது. மருந்துக்கடையில் சொற்ப விலைக்குக் கிடைக்கும், விரலால் உருட்டிச் செருகும் நுரைக் காதடைப்பான் காக்கும். தடி வாங்கும் அதே நாளில் அதையும் வாங்கிக் கொடுங்கள்.