பயிர்க்கழிவும் பீங்கான் சூளையும்

மணிமுத்தாற்றின் கரையிலுள்ள விருத்தாசலம் பழமலைநாதர் கோயிலாற் பண்டுதொட்டே பெயர்பெற்றது. பிற்காலத்தே பீங்கான் தொழிலாலும் அறியப்படுவதாயிற்று. பீங்கான் தொழிற்பேட்டையும், அத்தொழிலைக் கற்பிக்கும் அரசினர் பயிலகமும் அங்கே உள்ளன. ஊரைச் சூழ்ந்த நிலங்களிலோ நெல்லும், கரும்பும், முந்திரியும், மணிலாக்கொட்டை என்று மக்கள் வழங்கும் வேர்க்கடலையும் விளைகின்றன. சூளைக்கு எரிபொருள் வேண்டும். களத்திலோ கழிவு மிகுகின்றது. ஒன்றன் குறையை மற்றொன்று தீர்க்குமோ என்பதே நாம் ஈண்டு ஆராயப் புகும் பொருள்.

வைக்கோல், உமி, கடலைத்தோல் ஆகியவை செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ், லிக்னின் என்பவற்றாற் பெரும்பாலும் ஆனவை. ஞாயிற்றின் ஒளியைப் பயிர் தன்னுட் சேர்த்துவைத்த வடிவமே இவை. அவ்வாற்றலை மீட்டற்குரிய வழிகளுள் மூன்றனைக் காண்போம்.

முதலாவது, கட்டியாக்குதல். கழிவைப் பொடித்து உலர்த்திப் பேரழுத்தத்தில் இறுக்கினால், அப்போது பிறக்கும் சூட்டில் லிக்னின் இளகித் துகள்களைப் பிணைக்கும். வேறு பசை வேண்டுவதில்லை. இரண்டாவது, வாயுவாக்குதல். காற்றைக் குறைவாகச் செலுத்தி எரித்தால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கலந்த எரிவாயு கிடைக்கும். மூன்றாவது, சாராயமாக்குதல். 1819-இல் பிரெஞ்சு அறிஞர் பிராகொன்னோ துணியைக் கந்தக அமிலத்தாற் சர்க்கரையாக மாற்றிக் காட்டினார். அம்முறையின் வழித்தோன்றலாக, ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 2 லட்சம் டன் வைக்கோலினின்று 3 கோடி லிட்டர் எத்தனால் வடித்தற்கென ஓர் ஆலை 2022-இல் அரியானா மாநிலத்துப் பானிப்பட்டில் தொடங்கப்பெற்றது. ஆயின் அது பெருமுதல் வேண்டுவது. சிறு சூளைக்காரர்க்கு முதலிரு வழிகளே ஏற்புடையன.

ஒரு டன் நெல்லை அரைத்தால் ஏறத்தாழ 200 கிலோ உமி கிடைக்கும். உலர்ந்த உமி கிலோ ஒன்றுக்கு 3,000 கிலோ கலோரிக்குக் குறையாத வெப்பம் தரும். அணித்தேயுள்ள நெய்வேலியிற் பாதியளவு ஈரத்தோடு வெட்டியெடுக்கப்பெறும் பழுப்பு நிலக்கரிக்கு இஃது இளைத்ததன்று.

எனினும் இடையூறுகளும் உள. அவ்வுமி எரிந்தால் 40 கிலோ வரை சாம்பல் எஞ்சும். அது பறந்து பாண்டங்களிற் படியின் மெருகு கெடும். ஆதலின் கலங்களை உலர்த்துதற்கு உமித்தீயும், சுடுதற்குத் தூய்மை செய்த வாயுவும் பொருந்தும். முந்திரி ஓட்டினை எண்ணெய் பிழியாது எரித்தலோ தகாது. அதன் புகை கண்ணையும் தொண்டையையும் வருத்தும். மற்று, உமிச்சாம்பலிற் பெரும்பகுதி சிலிகாவே. அதுவோ பீங்கானுக்கு மூலப்பொருள்களுள் ஒன்று. சூளையில் பகையாய் நின்றதே மண்கலவையில் உறவாதல் கூடும்.

இனி, சிறப்பாக எண்ணத்தக்கது ஒன்றுண்டு. கழிவென்று நாம் கூறுவன யாவும் கழிவல்ல. வைக்கோலும் கடலைக்கொடியும் மாட்டுக்குத் தீவனம். கரும்புச்சக்கை ஆலையின் கொதிகலனுக்கு எரிபொருள். மட்கியவை நிலத்திற்கு உரம். சூளை விலைகொடுத்து வைக்கோலை வாங்குமாயின், ஏழை உழவனின் பசு பட்டினி கிடக்கும். ஆதலின் எஞ்சிய கடலைத்தோல், பிழிந்த முந்திரி ஓடு, மிகுந்த உமி ஆகியவற்றையே கொள்ளுதல் முறை.

நம் மாணவர் விடுமுறையில் தத்தம் ஊர்க் களத்தில் நின்று, எக்கழிவு எவ்வளவு, அஃது இப்பொழுது யார்க்குப் பயன்படுகின்றது என நிறுத்து எழுதிவருவாராக. அவ்வேடே இத்தொழிலுக்கு முதற்படியாகும்.