காட்டுத் தீ எத்தனை வருசத்துக்கு ஒருமுறை? கணக்குப் பார்ப்போம்

மாசி, பங்குனியில் குற்றால மலைச்சரிவில் தீ சிவப்புக் கோடு போல ஓடுவதைத் தென்காசியில் இருந்தே நம்மில் பலர் பார்த்திருப்போம். "இது எப்பவும் வர்றதுதானே" என்பார்கள் சிலர். "அந்தக் காலத்துல இவ்வளவு இல்ல" என்பார்கள் ஆச்சிமார். யார் சொல்வது சரி என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறது.

தேக்கு மரம் வருடத்துக்கு ஒரு வளையம் போடும். தீ பட்டையைச் சுட்டால், பிழைத்த மரம் அந்தக் காயத்தை மூடிக்கொண்டு வளரும். வெட்டிய அடிக்கட்டையில் தழும்பு தெரியும். (இதைப் பார்ப்பதற்காக யாரும் மரத்தை வெட்டிவிடாதீர்கள், வழக்கு வந்துவிடும்!) முதல் தழும்புக்கும் ஐந்தாவது தழும்புக்கும் நடுவில் 48 வளையம் என்று வைத்துக்கொள்வோம். 48-ஐ 5-ஆல் வகுக்கக் கூடாது. ஐந்து வாரக் கூட்டத்துக்கு இடைவெளி நாலுதானே? 4-ஆல் வகுத்தால், சராசரியாக 12 வருடத்துக்கு ஒரு தீ. லேசான தீ தழும்பு போடாது என்பதால், உண்மையில் இதைவிட அதிகமாகவே வந்திருக்கலாம்.

இன்னொரு வழி பதிவேடு. நீலகிரி மாவட்டம் முதுமலையில் நரேந்திரன் கோதண்டபாணி, மார்க் காக்ரேன், இரா. சுகுமார் ஆகியோர் இப்படிக் கணக்கிட்டு 2004-ல் வெளியிட்டார்கள். 1909 முதல் 1921 வரை சுமார் 10 ஆண்டுக்கு ஒருமுறை வந்த தீ, 1989 முதல் 2002 வரை 3.3 ஆண்டுக்கு ஒருமுறை வந்திருக்கிறது. அங்கே ஆச்சிமார் கட்சிதான் ஜெயித்தது! 100 ஏக்கர் காட்டில் வருடத்துக்குச் சராசரியாக 30 ஏக்கர் எரிந்தால் இந்த 3.3 வரும். ஒரே சரிவு வருசா வருசம் எரியலாம், ஓடைக்கரை எரியாமலே இருக்கலாம். அதனால் இடத்தையும் சேர்த்து எழுத வேண்டும்.

இதில் நமக்கென்ன என்று கேட்கலாம். கன்று பட்டை தடிக்கும் முன்னே அடுத்த தீ வந்தால் கருகிவிடும். மரம் குறைந்த இடத்தில் புல் மண்டும். அது காய்ந்து மறுபடி எரியும். நம் குளங்களுக்கு வரும் சிற்றாறு இந்த மலையில்தான் பிறக்கிறது. தீ என்றதும் பழி விழுவதோ விறகு பொறுக்கப் போன பெண்கள் மேல். எந்த இடம், எந்த மாதம் எரிந்தது என்று பதிவு இருந்தால், நாமும் ஆதாரத்தோடு பேசலாம்.

மலையடிவாரக் குழுக்கள் தீர்மானப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இதை எழுதத் தொடங்கலாம். தீ பார்த்த நாள், மலையில் அந்த இடத்தின் பேர், எத்தனை நாள் எரிந்தது, இவ்வளவு போதும். பழைய தீயைப் பெரியவர்களிடம் கேளுங்கள். வருசம் ஞாபகம் இல்லையென்றால், "1992 வெள்ளத்துக்கு முன்னாலயா, பின்னாலயா?" என்று கேட்டுப் பாருங்கள்.