உழவு இயந்திரப் பெட்டியின் பராமரிப்பும் பயனுள்ள திருத்தங்களும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் விளைபொருளை வயலிலிருந்து வீட்டுக்கும், தோட்டத்திலிருந்து சந்தைக்கும் கொண்டு சென்றது முற்காலத்தில் மாட்டு வண்டிலே. 1950களில் இலங்கைப் பொறியியலாளர் றே விஜேவர்தன இருசில்லு உழவு இயந்திரம் ஒன்றை வடிவமைத்தார். ‘லான்ட்மாஸ்ரர்’ என்னும் பெயருடன் அது வழக்குக்கு வந்தது. பின்னர் வேறு நாட்டு இயந்திரங்கள் பல வந்தபோதும், கமக்காரர் அவற்றையும் அப்பெயராலேயே அழைத்து வருகின்றனர். உழவு முடிந்ததும் கலப்பையைக் கழற்றிப் பெட்டியைப் பூட்டினால், அதே இயந்திரம் வண்டிலின் வேலையையும் செய்கின்றது.

இயந்திரத்துக்கு எண்ணெய் மாற்றத் தவறாத கமக்காரருட் பலர் பெட்டியைக் கவனிப்பதில்லை. இயந்திரத்திற் குறை உண்டானால் அது புகைக்கும், இரையும், நின்றுவிடும். பெட்டியின் குறையோ முறியும் நாள் வரையும் மறைந்தே இருக்கும். அந்த நாள் பெரும்பாலும் பாரம் கூடிய அறுவடை நாளாகவே அமையும். விடியுமுன் சுன்னாகத்துக்கோ மருதனார்மடத்துக்கோ புறப்பட்ட கத்தரியும் பயற்றங்காயும் வழியில் நின்றால், அன்றைய விலை போய்விடும். இருளில் நிற்கும் பெட்டியிற் பின்னால் வரும் வாகனம் மோதினால் உயிரே போகலாம். ஆகவே காலபோக அறுவடைக்கு முன், மார்கழி மாதத்தில், பெட்டியை முழுவதும் சோதித்தல் நன்று.

1. சில்லும் பெயரிங்கும்

பெட்டியைச் சமதரையில் நிறுத்தி, ஒரு சில்லுக்கு முன்னும் பின்னும் கல் அடை கொடுத்து, மற்றைச் சில்லை ஜக்கினால் உயர்த்துக. அச்சின் கீழ் உறுதியான மரக்கட்டை வைத்த பின்பே கைவைத்தல் வேண்டும். ஜக்கை மட்டும் நம்புதல் ஆபத்தாகும். சில்லைக் கையாற் சுற்றும்போது கரகரவென்னும் ஓசை கேட்டாலோ, மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது அசைவு தெரிந்தாலோ, பெயரிங்கைக் கழற்றிப் பார்த்தல் வேண்டும். பழைய கிறீசை மண்ணெண்ணெயாற் கழுவி, நன்கு உலர்த்திப் புதுக் கிறீசை உருளைகளின் இடையே புகும்படி அழுத்துக. குழி விழுந்த பெயரிங்கை மாற்றுவதே முறை. ஆண்டுக்கு ஒரு முறையும், சில்லின் நடுப்பகுதி நீரில் மூழ்கும்படி வயலில் இறக்கிய பின்னரும் இதனைச் செய்க.

சில்லு நட்டுகளை வட்ட ஒழுங்கில் இறுக்காது, ஒன்றுக்கு எதிரேயுள்ளதை அடுத்ததாக இறுக்குக. சில்லைக் கழற்றிப் பூட்டினால், முதற் பயணத்தின் பின் மீண்டும் ஒருமுறை இறுக்குதல் வேண்டும்.

2. ரயர்

இரு ரயர்களிலும் காற்று ஒரே அளவாக இருத்தல் வேண்டும். ஒன்று குறைந்தாற் பெட்டி அப்பக்கம் இழுபடும். ரயரும் ஓரத்தில் தேயும். ரயரின் பக்கத்திற் பொறித்த அளவுக்கு மேல் காற்று அடித்தல் கூடாது. நெடுநாள் வேலையின்றி நிற்கும் பெட்டியைக் கட்டைகளின்மேல் ஏற்றி, ரயர்களை வெயில் படாது கிடுகினால் மறைத்துவிடுக.

3. துருவைத் தடுத்தல்

குடாநாட்டிற் கடற்காற்று எங்கும் வீசுவதால் இரும்பு விரைவில் துருப்பிடிக்கும். பசளை ஏற்றிய பெட்டிக்குத் தீங்கு இன்னும் அதிகம். பொட்டாசுப் பசளையும் யூரியாவும் காற்றின் ஈரத்தை இழுத்து, பலகை இடுக்குகளில் தங்கி இரும்பை அரிக்கும். பசளை இறக்கிய அன்றே பெட்டியைக் கழுவுக. உவர்க் கிணற்று நீர் துருவைக் கூட்டும், நன்னீரையே பயன்படுத்துக. தளத்தின் மூலைகளில் நீர் வடியச் சிறு துளைகள் இடுதல் நன்று. துரு கண்ட இடத்தைக் கம்பித் தூரிகையாற் சுரண்டி, துருக்காப்புப் பூச்சுப் பூசி, அதன்மேல் நிறப்பூச்சுப் பூசுக.

4. பாரம் ஏற்றும் முறை

வண்டிலின் முன்பாரமும் பின்பாரமும் மாட்டை வருத்துவதைப் பழைய கமக்காரர் அறிவர். பெட்டிக்கும் அதே விதி பொருந்தும். பின்பாரம் கூடினால் இழுகோல் மேலெழும்பி, இயந்திரச் சில்லின் பிடி குறையும். முன்பாரம் கூடினால் இணைப்பு ஆணியும் இழுகோலும் வருந்தும். பாரத்தின் பெரும்பகுதி அச்சின்மேலும், சிறிதளவு அதற்கு முன்னாலும் அமைதல் வேண்டும்.

நிறையையும் கணக்கிடுக. ஒரு புசல் நெல் ஏறக்குறைய 21 கிலோ ஆகும். மூன்று புசல் கொண்ட மூட்டை 63 கிலோ. இருபது மூட்டை 1,260 கிலோ. பெட்டியைக் கட்டியவர் குறித்த எல்லையை இது மீறுமாயின், இருமுறை செல்வதே இலாபம். பாரத்தின்மேல் ஆட்களை ஏற்றுதல் கூடாது.

5. சிறு செலவிற் செய்யத்தக்க திருத்தங்கள்

(அ) ஒளிதெறிக்கும் தகடு: பின்புறம் இரு ஓரங்களிலும் சிவப்புத் தகடும், முன்புறம் வெள்ளைத் தகடும் பூட்டுக. வைக்கோலோ படங்கோ அவற்றை மறைக்காதிருத்தல் வேண்டும்; சேறு படிந்தால் துடைத்துவிடுக. இரவுப் பயணத்துக்குப் பின்விளக்கும் அவசியம்.

(ஆ) காப்புச் சங்கிலி: இணைப்பு ஆணி கழன்றாலும் பெட்டி விலகி ஓடாதபடி, இழுகோலையும் இயந்திரத்தையும் ஒரு சங்கிலியால் இணைக்க. தேய்ந்த ஆணிக்குப் பதிலாக வீட்டுக் கம்பியைச் செருகுதல் பெருந்தவறு.

(இ) முட்டுக்கால்: இழுகோலின் கீழ் மடக்கும் முட்டுக்கால் பொருத்தினால், ஒருவரே பெட்டியைப் பூட்டவும் கழற்றவும் முடியும்.

(ஈ) கழற்றும் அடைப்பு: பனஞ்சலாகையாற் பக்க அடைப்பு அமைத்தால் வைக்கோல், கோவா முதலிய பருமன் கூடிய பொருட்களைச் சிந்தாது கொண்டு செல்லலாம். கயிறு கட்டும் வளையங்களைப் பலகையிற் பூட்டாது இரும்புச் சட்டத்திற் பூட்டுக.

(உ) நட்டு அடையாளம்: இறுக்கிய நட்டின்மீதும் அதன் ஆணிமீதும் சேர ஒரு வெள்ளைக் கோடு இடுக. நட்டுத் தளர்ந்தால் கோடு விலகி நிற்பதைப் பார்த்தவுடன் அறியலாம்.

6. பிறேக்கு

பெட்டியின் முன்னிருந்து காலால் மிதிக்கும் பிறேக்கு இரு சில்லுகளையும் ஒரே வேளையிற் பிடித்தல் வேண்டும். ஒன்று முந்திப் பிடித்தாற் பெட்டி திரும்பிவிடும். பெயரிங்குக்குக் கிறீஸ் இடும்போது அது பிறேக்கிற் படாதவாறு கவனிக்க.

புறப்படுமுன் பார்க்க வேண்டியவை

ரயர்க் காற்று, சில்லு நட்டு, இணைப்பு ஆணியும் சங்கிலியும், பிறேக்கு, பின்விளக்கும் தகடும் ஆகிய ஐந்தையும் ஒவ்வொரு பயணத்தின் முன்னும் பார்க்க. இதற்குச் சில நிமிடங்களே செல்லும். நான்கு மாதம் உழைத்துப் பெற்ற விளைச்சலும், அதனுடன் செல்லும் ஆளும் பழுதின்றிச் சேர்வதற்கு அந்தச் சில நிமிடங்கள் போதும்.